மைலேஜ் குறைந்தால் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள்!

எந்த ஊரிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. 2015 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். ஓடியது 85,000 கிலோமீட்டர். வீட்டில் அப்பா ஓட்டுகிற கார். டேங்க் நிரப்பும்போதெல்லாம் கிலோமீட்டரை பில்லின் பின்பக்கம் எழுதி வைக்கிற ரகம் அவர். இரண்டு வருடங்களுக்கு முன்புவரை லிட்டருக்கு 16 கொடுத்த வண்டி, இப்போது 13-ஐத் தாண்ட மறுக்கிறது. போதாக்குறைக்கு டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கும் எரிகிறது.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்த பையன் ஒரே நிமிடத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டான். "ஆக்ஸிஜன் சென்சார் போயிடுச்சு சார். மாத்திட்டா மைலேஜ் வந்துடும்."

"எவ்வளவு ஆகும் தம்பி?"

சென்சாரும் கூலியும் சேர்த்துச் சில ஆயிரம். அப்பா தலையாட்டினார். புது சென்சார் ஏறியது, விளக்கு அணைந்தது, அப்பாவும் நிம்மதியாக வீடு வந்தார். இரண்டு வாரங்கள் கழித்து அதே விளக்கு, அதே இடத்தில், அதே மஞ்சளில் எரிந்தது. பில்லின் பின்பக்கக் கணக்கும் அதே 13.

இதில் யாரும் ஏமாற்றவில்லை என்பதுதான் வேடிக்கை. ஸ்கேனர் காட்டிய கோடு 'பி0171'. அதற்கு அர்த்தம், 'இன்ஜினுக்குள் போகும் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்' என்பது மட்டுமே. அதை இன்ஜினுக்குச் சொன்னது ஆக்ஸிஜன் சென்சார். கெட்ட செய்தியைக் கொண்டுவந்த தபால்காரரை வேலையை விட்டு நீக்கிவிட்டுப் புதுத் தபால்காரரை வைத்தார்கள். அவரும் அதே செய்தியைத்தான் கொண்டுவந்தார். நடுவில் விளக்கு அணைந்ததற்குக் காரணம், ஸ்கேனரில் கோடை அழித்ததுதான். இன்ஜின் மறுபடி தவற்றைக் கவனித்து உறுதி செய்யச் சில பயணங்கள் தேவைப்படும். அந்த இடைவெளியில் கிடைத்த நிம்மதி அது.

உப்பு பார்க்கும் நாக்கு

இன்ஜினில் இருந்து புகை வெளியேறும் குழாயில், ஸ்பார்க் பிளக் போலவே திருகி வைக்கப்பட்டிருக்கும் சின்னப் பொருள் ஆக்ஸிஜன் சென்சார். 'லாம்டா சென்சார்' என்றும் சொல்வார்கள். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் தயாரித்த இந்த சென்சார், 1976-ல் அமெரிக்க விற்பனைக்கான வால்வோ கார்களில் முதன்முதலாக வந்தது. இன்று இது இல்லாத பெட்ரோல் கார் ஷோரூமில் கிடையாது.

வீட்டுச் சமையலை நினைத்துக்கொண்டால் இதன் வேலை சுலபமாகப் புரியும். குழம்பு வைப்பவர் இசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர். உப்பு பார்க்கும் நாக்குதான் ஆக்ஸிஜன் சென்சார். சுத்தமான பெட்ரோலுக்கு, 1 கிலோ பெட்ரோலுக்கு சுமார் 14.7 கிலோ காற்று என்பது சரியான விகிதம். எரிந்து முடிந்த புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருந்தால், 'உப்பு பத்தல' என்று நாக்கு சொல்லும். உடனே இசியூ பெட்ரோலைக் கூட்டும். ஆக்ஸிஜன் இல்லாவிட்டால், 'உப்பு ஜாஸ்தி.' உடனே குறைக்கும். இந்தக் கூட்டல் கழித்தல் வண்டி ஓடும் நேரமெல்லாம் ஒரு விநாடிக்குள் மாறி மாறி நடந்துகொண்டே இருக்கும்.

நாக்கு மரத்துப்போய் எப்போதும், 'பத்தல, பத்தல' என்றே சொன்னால்? சமையல்காரர் உப்பை அள்ளிக் கொட்டுவார். பெட்ரோல் வீணாகும். இதுதான் கெட்டுப்போன சென்சார்.

நாக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் கரண்டியில் எடுத்த குழம்பில் யாரோ தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்றால்? அப்போதும் நாக்கு, 'பத்தல' என்றுதான் சொல்லும். அப்போதும் உப்பு கொட்டப்படும். நாக்கை மாற்றினால் சரியாகுமா? அப்பாவின் காரில் நடந்தது இதுதானா என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

முதலில் வீட்டுக் கணக்கு

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். 16 கிலோமீட்டர் கொடுத்தால் 62.5 லிட்டர் போதும். 13 கொடுத்தால் 77 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றே கணக்கிட்டாலும் மாதம் 1,400 ரூபாய்க்கு மேல் கூடுதல் செலவு. வருடத்துக்கு 17,000 ரூபாய். பழுதான சென்சாரைச் சரிசெய்தால் மைலேஜ் 40 சதவீதம் வரைகூட மேம்படலாம் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன இணையதளம் சொல்கிறது. அது மிக மோசமான நிலையில் இருக்கும் வண்டிக்கான கணக்கு. எல்லோரும் அதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

பணத்தைவிடப் பெரிய பயம் இன்னொன்று. எரியாத பெட்ரோல் தொடர்ந்து குழாய்க்குள் போனால், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாகிக் கெட்டுப்போகும். அதன் விலைக்கு முன்னால் சென்சார் விலை சுண்டைக்காய்.

சரி, மைலேஜ் குறைந்ததற்கு எல்லோரும் கைகாட்டும் இ20 பெட்ரோல்? 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-ல் நாடு முழுக்கப் பரவிவிட்டது. எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். இ10 பெட்ரோலுக்காக அமைக்கப்பட்ட பழைய கார்களில் இது 6 முதல் 7 சதவீதம் வரை இருக்கும் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. 16-ல் 7 சதவீதத்தைக் கழித்தால் ஏறக்குறைய 15. ஆக, 16-ல் இருந்து 15 வந்தால் இ20 மீது பழி போடலாம். 13 வந்தால், வேறு யாரோ திருடுகிறார்கள்.

அந்தத் திருடன் சென்சாராக இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. டயரில் காற்று குறைவா, பிரேக் பிடித்தபடியே ஓடுகிறதா, கிளட்ச் வழுக்குகிறதா, ஏர் ஃபில்டர் எப்போது மாற்றியது என்று செலவில்லாத கேள்விகளை முதலில் கேட்டுவிடுவது நல்லது. வண்டியை அரை மணி நேரம் ஓட்டி நிறுத்திவிட்டு, நான்கு வீல்களின் அருகிலும் கையைக் கொண்டுபோனால் எந்த வீலில் அனல் அடிக்கிறது என்று தெரிந்துவிடும். (டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள், சுட்டுவிடும்!) மைலேஜையும் டாஷ்போர்டு காட்டும் எண்ணை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒரே பங்க்கில், முழு டேங்கில் இருந்து முழு டேங்க் வரை, மூன்று முறையாவது எழுதிப் பார்த்தால்தான் அது கணக்கு. இந்த விஷயத்தில் அப்பாவின் பில் நோட்டை எந்த ஆப்பும் தோற்கடிக்க முடியாது.

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒளிந்திருக்கும் சாட்சி

இரண்டாம் முறை விளக்கு எரிந்ததும், கல்லூரியில் படிக்கும் மகள் களத்தில் இறங்கினாள். ஸ்டீயரிங்குக்குக் கீழே, 16 துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஓபிடி போர்ட் என்று பெயர். 2013 வாக்கில் இருந்து வரும் பெட்ரோல் கார்களில் இது இருக்கும். ஆன்லைனில் கிடைக்கும் சின்ன புளூடூத் அடாப்டரை அதில் செருகி, ஒரு ஆப்பை இறக்கிக்கொண்டால், ஒர்க்‌ஷாப் ஸ்கேனர் காட்டுவதில் முக்கியமான பாதி விஷயங்கள் செல்போனிலேயே தெரியும். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும் செலவு.

அதில் பார்க்க வேண்டியது கோடு மட்டுமல்ல. 'ஃபியூல் ட்ரிம்' என்று ஒன்று இருக்கும். அதிலும் 'லாங் டெர்ம் ஃபியூல் ட்ரிம்'. கம்பெனி எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பைவிட எத்தனை சதவீதம் கூடுதலாக, அல்லது குறைவாக இசியூ பெட்ரோல் ஊற்றுகிறது என்பதுதான் அந்த எண். பூஜ்யத்துக்குப் பக்கத்தில், பிளஸ் மைனஸ் 5-க்குள் இருந்தால் ஆரோக்கியம். 10-ஐத் தாண்டினால் ஏதோ சரியில்லை. இ10-க்காக அமைத்த பழைய காரில் இ20 ஊற்றினால், பிளஸ் பக்கம் நான்கைந்து சதவீதம் தானாகவே ஏறியிருக்கும். எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால், அதற்கேற்ப இசியூ கொஞ்சம் கூடுதலாக ஊற்றுகிறது. அதைப் பார்த்து பயந்து சென்சாரைக் கழற்ற வேண்டாம்.

இந்த எண் பிளஸ்ஸா, மைனஸா என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

மைலேஜும் குறைவு, ட்ரிம்மும் மைனஸ் என்றால், சென்சார் பெரும்பாலும் நல்லவர். 'உப்பு ஜாஸ்தி, குறை' என்று அவர் கத்துகிறார், இசியூவும் குறைக்கப் பார்க்கிறது, ஆனாலும் எங்கிருந்தோ பெட்ரோல் கூடுதலாக வருகிறது. ஒழுகும் இன்ஜெக்டர், அளவுக்கு மீறிய பெட்ரோல் பிரஷர், மூடாமல் நிற்கும் பர்ஜ் வால்வு என்று தேட வேண்டும். கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சார் கெட்டு, 'இன்ஜின் இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அல்லது தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுபோய், இன்ஜின் நிஜமாகவே சூடேறாமல் இருக்கலாம். இரண்டிலும் இசியூ கூடுதலாக ஊற்றும். இதில் பல பழுதுகள் ஆக்ஸிஜன் சென்சாரைவிட மலிவாக முடிகிறவை.

மைலேஜ் குறைவு, ட்ரிம் பெரிய பிளஸ். இங்கேதான் சந்தேகம் சென்சார் பக்கம் திரும்புகிறது. மகளின் போனில் தெரிந்த எண் பிளஸ் 22. குறிப்பில் உள்ளதைவிட 22 சதவீதம் கூடுதல் பெட்ரோல்! பழைய சென்சார் இருந்தபோது எவ்வளவு என்று யாரும் பார்த்து வைக்கவில்லை. சென்சாரைக் கழற்றுவதற்கு முன் அந்த ஒரு எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு, மாற்றியதால் பலன் உண்டா இல்லையா என்று ஐந்து நாளில் தெரிந்துவிடும். டேங்க் காலியாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பிளக் ஒன்று சொல்கிறது, சென்சார் ஒன்று சொல்கிறது

பிளஸ் 22-ஐ வைத்து மட்டும் சென்சாரைக் குற்றவாளி ஆக்கிவிட முடியாது. நிஜமாகவே இன்ஜினுக்குள் திருட்டுக் காற்று போனாலும், பெட்ரோல் பம்ப் வலுவிழந்தாலும் இசியூ கூடுதலாக ஊற்றத்தான் செய்யும். அப்போது கூடுதலாக ஊற்றுவது நியாயம். குறையை ஈடு செய்து, கலவையைச் சரியான அளவுக்குக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். சென்சார் பொய் சொன்னால் நிலைமை வேறு. ஏற்கெனவே போதுமான பெட்ரோல் இருக்கும்போது, மேலும் மேலும் ஊற்றப்படும்.

இரண்டையும் பிரிக்க இன்னொரு சாட்சி வேண்டும். அதுதான் ஸ்பார்க் பிளக்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நுனி இளம்பழுப்பாகவோ, சாம்பல் நிறமாகவோ இருந்தால் கலவை சரி. அடுப்புக்கரி போல உலர்ந்த கறுப்புப் புகை படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். சென்சார், 'பெட்ரோல் பத்தல' என்கிறது, நான்கு பிளக்குகளும், 'மூழ்கிட்டோம்' என்கின்றன என்றால் சென்சாருக்குப் போகும் செய்தி எங்கோ திரிகிறது என்று அர்த்தம். நான்கில் ஒன்று மட்டும் கறுப்பு என்றால் கதையே வேறு. அந்த ஒரு சிலிண்டரின் இன்ஜெக்டரையோ, காயிலையோ பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ்ஃபயர் ஆனாலும், அதன் எரியாத ஆக்ஸிஜன் அப்படியே குழாய்க்கு வரும். சென்சார் அதைப் பார்த்து, 'பெட்ரோல் பத்தல' என்று சொல்லும். பழைய பிளக் செய்யும் தப்புக்கு சென்சார் தண்டனை அனுபவிக்கும்.

மூன்றாவது சாட்சி, டாஷ்போர்டு பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பியூசி சர்ட்டிஃபிகேட். வண்டியின் புகைச் சான்றிதழை போலீஸிடம் காட்ட மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிஎஸ்4 முதல் வந்த பெட்ரோல் கார்களுக்கு அதில் லாம்டா என்று ஓர் எண் இருக்கும். 0.97-க்கும் 1.03-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. அதைவிடக் குறைந்தால் பெட்ரோல் அதிகம். ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதும் விதி. சென்சார் கெட்டு, பெட்ரோல் கொட்டப்படும் காரில் இந்த இரண்டு எண்களும் காட்டிக்கொடுத்துவிடும். (நிஜமாகவே குழாயைச் செருகி அளந்த சர்ட்டிஃபிகேட்டாக இருக்க வேண்டும் என்பது முக்கியம்!) முந்தைய சர்ட்டிஃபிகேட்டையும் இப்போதையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சென்சாருக்கே ஒரு பரீட்சை

அப்பாவும் மகளும் இரண்டாவதாகப் போனது, தெருமுனையில் இருக்கும் பழைய மெக்கானிக்கிடம். அவர் கோடைப் பார்த்துவிட்டு சென்சார் பக்கமே போகவில்லை.

"ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வருவோம் சார். பாப்பா, நீ போன்ல அந்த முன் சென்சார் வோல்டேஜ் கிராஃபை மட்டும் போட்டு வைம்மா."

இந்தப் பரீட்சைக்கு எந்தப் பாகத்தையும் கழற்ற வேண்டாம். ஓட்டுபவர் ஒருவர், போனைப் பார்ப்பவர் ஒருவர் என்று இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். ஜிர்கோனியா வகை சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை மின்னழுத்தம் தரும். 0.45-க்கு மேலே போனால் பெட்ரோல் அதிகம், கீழே வந்தால் குறைவு. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, சீரான வேகத்தில் போகும்போது கிராஃப் கோயில் கோபுரங்களை வரிசையாக வரைந்ததுபோல ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். சோம்பேறியாக மெதுவாக ஏறி இறங்கினால் வயதாகிவிட்டது. நடுவிலேயே கோடு போட்டதுபோல நின்றால், செத்துவிட்டது அல்லது சூடேறவில்லை.

அடுத்தது முக்கியமான கட்டம். ஆளில்லாத ரோட்டில் ஆக்ஸிலரேட்டரை நன்றாக அழுத்தினால், வோல்டேஜ் 0.8-க்கு மேல் ஏற வேண்டும். கியரிலேயே வைத்துக் காலை முழுசாக எடுத்தால், இன்ஜெக்டர்கள் பெட்ரோலை நிறுத்திவிடும். குழாயில் வெறும் காற்றுதான் வரும். வோல்டேஜ் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விழ வேண்டும். இரண்டு முனையையும் சட்டென்று தொட்டுவிட்டால் சென்சார் பாஸ். எவ்வளவு அழுத்தினாலும் 0.3, 0.4-க்கு மேல் ஏறாமல் முனகிக்கொண்டே இருந்தால், கூடவே பிளக்கும் கறுப்பு என்றால், தைரியமாக மாற்றலாம்.

சில கார்களில் இருப்பது 'ஏர் ஃபியூல் ரேஷியோ' சென்சார் என்கிற வேறு வகை. அதற்கு இந்த 0.1 - 0.9 கணக்கு செல்லாது. ஆப்பில் வோல்ட்டுக்குப் பதில் லாம்டா எண்ணோ, மில்லி ஆம்பியரோ காட்டினால் அதுதான் என்று புரிந்துகொள்ளலாம். வண்டியின் சர்வீஸ் மேனுவல் தெரிந்தவரிடம்தான் அதைக் கேட்க வேண்டும்.

கோடு 'பி0135' என்று வந்தால் பிரச்னை நாக்கில் இல்லை, அதைச் சூடேற்றும் ஹீட்டரில். ஏறக்குறைய 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் இந்த சென்சார் வேலையே செய்யும். ஹீட்டர் கெட்டால், புகையின் சூட்டிலேயே அது மெதுவாகச் சூடாகும்வரை இசியூ கண்ணை மூடிக்கொண்டு பெட்ரோல் ஊற்றும். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் இரண்டு கிலோமீட்டர் பயணங்களில் இது பெரிய நஷ்டம். ஆனால், சென்சாரை மாற்றும் முன் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஹீட்டருக்கான ஃபியூஸைப் பாருங்கள். பத்து, இருபது ரூபாயில் முடிந்துவிடலாம். ஃபியூஸ் நன்றாக இருந்தால், சென்சாரின் ஒரே நிறத்தில் உள்ள இரண்டு வயர்களுக்கு இடையே மல்டிமீட்டரில் ஓம் அளந்தால் போதும். பெரும்பாலான சென்சார்களில் அவைதான் ஹீட்டர் வயர்கள். சில ஓம்கள் காட்டினால் உயிர் இருக்கிறது. எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது.

இன்னொன்று, காரில் பெரும்பாலும் இரண்டு சென்சார்கள் இருக்கும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பெட்ரோல் அளவை முக்கியமாகத் தீர்மானிப்பது முன்னால் இருப்பது. பின்னால் இருப்பது கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கண்காணிக்கும் சூப்பர்வைசர். பின் சென்சாரை மாற்றினால் மைலேஜ் கூடும் என்று யாராவது சொன்னால், பில்லில் கையெழுத்துப் போடும் முன் இன்னொரு முறை யோசிக்கலாம். 'பி0130' முதல் 'பி0135' வரை வந்தால் முன் சென்சார், 'பி0136' முதல் 'பி0141' வரை வந்தால் பின் சென்சார். இது நான்கு சிலிண்டர், மூன்று சிலிண்டர் கார்களுக்கான கணக்கு. நம் ஊரில் பெரும்பாலானவை அவைதானே!

சென்சார் ஏன் சாகிறது?

நல்ல சென்சார் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் உழைக்கும். சீக்கிரம் செத்தால், யாரோ கொன்றிருக்கிறார்கள். கழற்றிய சென்சாரின் நுனியே போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட். வெறும் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. வெள்ளையாகப் பவுடர் பூசியதுபோல இருந்தால் சிலிக்கான். இன்ஜின் வேலையின்போது சென்சாருக்கு ஆகாத சிலிக்கான் பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவியிருப்பார்கள். ஹெட் கேஸ்கெட் போய் கூலன்ட் எரிந்தாலும் வெளிர்நிறப் படிவு வரும். காரணத்தைச் சரிசெய்யாமல் புது சென்சாரை மாட்டினால், அதுவும் அதே வழியில்தான் போகும்.

நுனியைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளில் தேய்த்து மாட்டிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். மேலே இருக்கும் கரி போகலாம், உள்ளே ஊறிய விஷம் போகாது. வயர் அறுந்திருந்தால் சாலிடர் வைப்பதும் தவறு. பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெளிக்காற்றை வயரின் உள்ளிழைகள் வழியாகத்தான் சுவாசிக்கின்றன. ஈயத்தை உருக்கி அடைத்தால் மூச்சை அடைத்த மாதிரி. கனெக்டருக்குள் கிரீஸ் அப்புவதற்கும் இதே பதில்தான்.

எல்பிஜி, சிஎன்ஜி கிட்டை வெளியில் மாட்டிய கார்களில் ஒரு கூடுதல் சிக்கல். சில பழைய கிட்களில், இசியூவை ஏமாற்ற சென்சார் போலவே போலி சிக்னல் அனுப்பும் 'எமுலேட்டர்' இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் சென்சாரை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை.

13-ஐத் தின்றது யார்?

தெருமுனை மெக்கானிக்கோடு போன அந்த ரவுண்டில், சென்சார் பாஸானது. அழுத்தினால் 0.85, காலை எடுத்தால் 0.05. பிளக்குகள் நான்கும் கறுப்பு. பியூசியில் லாம்டாவோ 1.01. மகள் குழம்பிப்போனாள். "அண்ணா, சென்சார் நல்லா இருக்கு, புகையும் சரியா இருக்கு. பிளக் மட்டும் எப்படிக் கறுப்பாகும்?"

"நாளைக்குக் காலையில வண்டியை எடுக்காதீங்க. நான் வந்து ஸ்டார்ட் பண்றேன்" என்றார் அவர்.

மறுநாள் காலை, குளிர்ந்து கிடந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து பானெட்டைத் திறந்ததும், 'டிக்... டிக்... டிக்...' என்று தையல் மெஷின் மாதிரி ஒரு சத்தம். இரண்டு, மூன்று நிமிடங்களில், உலோகம் சூடாகி விரிந்ததும் சத்தம் அடங்கிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், இன்ஜினும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் சேரும் இடத்தில், கேஸ்கெட்டின் ஓரம் கரிக்கோடு. ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. முன் சென்சார் அதற்கு ஒரு சாண் கீழே.

கரண்டியில் தண்ணீர் கலந்தது இங்கேதான். புகை துடித்துத் துடித்து வெளியேறும்போது, ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே குழாயில் ஒரு நொடி உறிஞ்சல் ஏற்படும். அந்த இடைவெளியில் வெளிக்காற்று உள்ளே நுழையும். வேகம் குறைவாக இருக்கும்போது இது அதிகம் நடக்கும். ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு அடி அதிகம். சென்சார் தன் முன்னால் வந்த காற்றைப் பார்த்து, உண்மையைத்தான் சொன்னது. அந்தக் காற்று கலந்த பிறகே புகை கடைசிக் குழாய்க்கு வருவதால், பியூசி மெஷினும், 'எல்லாம் சரி' என்றது. உள்ளே எரிந்த இடத்தில் இருந்த பிளக்குகளுக்கு மட்டும்தான் நிஜம் தெரியும். பிளக் கறுப்பு, பியூசி சுத்தம், ட்ரிம் பெரிய பிளஸ் என்று மூன்றும் சேர்ந்து வந்தால், சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் லீக் இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. இப்படி லீக் உள்ள வண்டியை மூடிய ஷெட்டுக்குள் ஓடவிட்டு நிற்கவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கேஸ்கெட்டின் விலை சில நூறு ரூபாய். கூலி அதைவிட அதிகம், துருப்பிடித்த போல்ட்டுகளை உடையாமல் கழற்றுவது அரை நாள் வேலை. மாட்டி முடித்ததும், இசியூ பழகி வைத்திருந்த பழைய ட்ரிம்மை ஸ்கேனரில் அழித்தார்கள். நான்கு நாள் ஓடிய பிறகு மகளின் போனில் பிளஸ் 5.

"கழட்டின பழைய சென்சாரைத் தூக்கிப் போட்டுடாதீங்க சார். அதுல தப்பே இல்ல. பத்திரமா வைங்க, இன்னொரு நாள் உதவும்" என்றார் மெக்கானிக். அது இப்போது காரின் டாஷ்போர்டு பெட்டியில், பியூசி சர்ட்டிஃபிகேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்த முழு டேங்கில் 15.1. அப்பா பில்லின் பின்பக்கம் எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"மிச்சம் 0.9 எங்க?"

"அது இ20 கணக்குப்பா" என்றாள் மகள்.